ஆகாய கங்கைக்கு ஒன்பது வயது மகளுடன் ஒருநாள் பயணம்: வழிகாட்ட வேண்டுகிறேன்

சேலத்துத் தந்தை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சேலத்தில் வசிக்கிறோம். என் மகளுக்கு ஒன்பது வயது. அருவியைச் சாலையோரத்தில் நின்று எட்டிப் பார்ப்பதில் அவளுக்கு நிறைவில்லை; அது விழும் இடத்துக்கே நடந்து போக வேண்டும் என்று பல மாதங்களாகக் கேட்டுவருகிறாள். ஏற்காட்டுக் கிளியூர் அருவி எங்களுக்கு அருகில்தான் இருக்கிறது என்றாலும், மழைக்காலம் முடிந்துவிட்டால் அதில் நீர் குறைந்துவிடுகிறது. எனவே கொல்லிமலை ஆகாய கங்கைக்கு அவளை அழைத்துச் செல்லலாம் என்று எண்ணியிருக்கிறேன். அவள் அம்மாவுக்குச் சனிக்கிழமையும் வேலை நாள் என்பதால் நானும் மகளும் மட்டும் விடியற்காலையில் காரில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும்.

படிகளை நினைத்துத்தான் பெரிதும் தயங்குகிறேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் என்று கேள்விப்படுகிறேன். மகள் துறுதுறுப்பானவள், தெருவில் சலிக்காமல் மிதிவண்டி ஓட்டுபவள். ஆனாலும் மலைப்படி ஏறிப் பழக்கமில்லாதவள். உற்சாகமாக இறங்கிவிட்டு, திரும்பி ஏறும்போது நடுவழியில் அவள் முடியாமல் உட்கார்ந்துவிட்டால் தூக்கிக்கொண்டு ஏறும் அளவுக்கு எனக்கு உடல்வலு கிடையாது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் கவலை தருகின்றன. ஏற்காட்டுக்குப் போகும்போதே அவளுக்கு வயிற்றைப் புரட்டும். அவ்வளவு தூரம் போகிறோமே, கொல்லிமலையிலேயே உள்ள மாசிலா அருவியையும் ‘நம் அருவி’ என்ற பெயருள்ள அருவியையும் அதே நாளில் பார்த்துவிடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

இன்னொன்றைக் கேட்கத் தயக்கமாக இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். அம்மா உடன் வராத நிலையில், குளித்த பிறகு பெண் குழந்தை உடை மாற்றுவதற்குத் தந்தை என்ன ஏற்பாடு செய்துகொள்வது?

செம்மேட்டுக்காரர் எழுதியது:

ஐயா, வணக்கம். நான் கொல்லிமலைமேல் உள்ள செம்மேட்டில் பிறந்து வளர்ந்தவன். ஆகாய கங்கைக்கு வரும் வெளியூர்க் குடும்பங்களை ஆண்டு முழுவதும் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் மகளை அழைத்து வாருங்கள், மூன்று அருவிகள் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

மற்ற மலைகளில் ஏற்றம் முதலில் வரும். களைத்துப்போனால் பாதியிலேயே திரும்பி இறங்கிவிடலாம். இங்கே அது தலைகீழ். அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகிலிருந்து படிகள் நேராகப் பள்ளத்தாக்குக்குள் இறங்குகின்றன. கோயிலை ஒட்டி ஓடும் அய்யாறுதான் அந்தப் பள்ளத்தில் ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து ஆகாய கங்கையாக விழுகிறது. ஆகவே இறங்கும் வரை குழந்தைக்குக் களைப்பே தெரியாது. குளித்து முடித்து, பசியெடுத்து, ஈரத்தில் உடல் நடுங்கும் நேரத்தில்தான் ஆயிரம் படிகள் தலைக்கு மேலே நிற்கும். எத்தனை மணிக்கு அங்கே போய்ச் சேரலாம் என்று கணக்கிடுவதை விட, எத்தனை மணிக்கு அருவியடியை விட்டு ஏறத் தொடங்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, மற்றவற்றை அதிலிருந்து பின்னோக்கி வகுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணிக்கு ஏறத் தொடங்குவது குழந்தையோடு வருகிறவர்களுக்கு நல்லது என்பது என் கருத்து. பெரியவர்கள் ஒரு மணி நேரத்தில் ஏறிவிடுவார்கள். உங்கள் மகளுக்கு ஒன்றரை மணி நேரம், தேவைப்பட்டால் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் அவளை அவசரப்படுத்த வேண்டியிருக்காது.

அதற்கு நீங்கள் ஒன்பது, ஒன்பதரை மணிக்குள் கோயிலை அடைய வேண்டும். சேலத்திலிருந்து ஐந்தரை மணிக்கெல்லாம் புறப்பட்டுவிடுங்கள். அடிவாரமான காரவள்ளியிலிருந்து எழுபது வளைவுகள் தொடங்குகின்றன. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருப்பார்கள். இரண்டாவது கியரில் நிதானமாக வாருங்கள். குறுகிய இடங்களில் மேலே ஏறும் வண்டிக்கே வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை வழக்கம். செம்மேட்டில் இறங்கிக் கைகால் நீட்டிக்கொண்டு, குதிரையில் அமர்ந்திருக்கும் வல்வில் ஓரியின் சிலையை மகளுக்குக் காட்டுங்கள். அவன் விட்ட ஒரே அம்பு யானையைக் கொன்று, புலியின் வாய்க்குள் புகுந்து, மானையும் பன்றியையும் உருட்டி, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்தது என்று சங்கப் பாட்டு சொல்கிறது. அந்தக் கதையைக் காரிலேயே சொல்லி முடித்துவிடாமல், ஏறும்போது சொல்வதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இளைப்பாறலிலும் ஒரு விலங்கு என்று சொன்னால் ஐந்து இளைப்பாறல்கள் கதையிலேயே போய்விடும்.

செம்மேட்டிலிருந்து கோயிலுக்குப் போகும் சாலையும் வளைந்து வளைந்துதான் செல்லும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நுழைவிடத்தில் கட்டணச் சீட்டு வாங்க வேண்டும். மழை மிகுந்து நீர்வரத்து கூடிவிட்டால் வனத்துறையினர் இறங்கவே விடமாட்டார்கள். சனி, ஞாயிறுகளில் கூட்டம் அதிகம் என்பதும் சீக்கிரம் வருவதற்கு ஒரு காரணம். பத்து மணிக்கு முன் இறங்குகிறவர்களுக்கு அருவியடியில் நிற்க இடம் கிடைக்கும். பதினொரு மணிக்கு மேல் இளைஞர் கூட்டம் கூச்சலோடு வந்துவிடும்.

இயன்முறை மருத்துவர் எழுதியது:

மேலே உள்ள பதிவில் சொல்லப்பட்ட கருத்துடன் முழுமையாக உடன்படுகிறேன்; உடல் சார்ந்த சில விளக்கங்களை மட்டும் சேர்க்கிறேன். ஒரு படி அரையடி உயரம் என்று குறைவாகக் கணக்கிட்டாலும் ஆயிரம் படிகள் ஐந்நூறு அடியாகின்றன. அதாவது ஐம்பது மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சிக்கு மின்தூக்கி இல்லாமல் ஏறுகிறீர்கள். உடல்நலமுள்ள ஒன்பது வயதுக் குழந்தையால் இது முடியக்கூடியதே. ஆஸ்துமா, இதயக் கோளாறு, அண்மையில் வந்துபோன காய்ச்சல் போன்றவை இருந்தால் மட்டும் குழந்தை நல மருத்துவரைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

இறங்குவது எளிது என்று பலர் நினைக்கிறார்கள். மூச்சு வாங்காது என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் உடலின் எடையைத் தாங்கி நிறுத்தும் வேலையைத் தொடையின் முன்புறத் தசைகள் செய்கின்றன. நீண்டுகொண்டே இறுகும்படி அவை வேலை செய்வதால் விரைவில் சோர்ந்து, அடிவாரத்தை அடையும்போது கால்கள் தாமாக நடுங்கத் தொடங்கும். குழந்தை குதித்துக் குதித்து இறங்கினால் இந்தச் சோர்வு மேலும் கூடும். படிகளின் உயரமும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை என்பதால், நடுங்கும் கால் தவறி விழுவதற்கும் வாய்ப்பு உண்டு. எனவே இறங்கும்போதே அவளை அடக்கி நடத்துங்கள். நீங்கள் அவளுக்கு ஒரு படி கீழே, முன்னால் செல்லுங்கள். கைப்பிடி உள்ள பக்கத்தை அவளுக்குக் கொடுங்கள். ஏறும்போது நீங்கள் அவளுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

சிறு பிள்ளைகள் தங்கள் ஆற்றலைப் பங்கிட்டுச் செலவழிப்பதில்லை. முதல் நூறு படிகளை ஓடியே ஏறிவிட்டு, அடுத்த இருபதிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். அவள் களைப்பதற்குக் காத்திருக்க வேண்டாம். முப்பது, நாற்பது படிகளுக்கு ஒருமுறை, அவளுக்குக் களைப்பு இல்லாவிட்டாலும், ஓரமாக ஒரு நிமிடம் நின்று இரண்டு வாய் தண்ணீர் குடிக்கச் செய்யுங்கள். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று கவனியுங்கள். பேச்சு உடைந்து உடைந்து வந்தால் வேகம் அதிகம் என்று பொருள். வெல்லம் சேர்த்த கடலை மிட்டாய், வாழைப்பழம், உப்புச்சர்க்கரைக் கரைசல் ஆகியவை போதும். அருவியடியில் புளிச்சோறோ பரோட்டாவோ வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே ஏறத் தொடங்குவதைத் தவிர்க்க வேண்டும்.

அவளால் முடியுமா என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. உங்களுக்குப் பக்கத்தில் திருச்செங்கோடு இருக்கிறது. அந்த மலைக்கோயிலுக்கு ஏறத்தாழ 1200 படிகள். ஒரு ஞாயிறு காலை அவளோடு அந்தப் படிகளில் ஏறிப் பாருங்கள். அங்கே ஏற்றம் முதலில் வருவதால் முடியாவிட்டால் எந்தப் படியிலிருந்தும் திரும்பலாம். மேலே போய்விட்டால் வண்டியிலும் இறங்கலாம். அடுத்த நாள் அவளுக்குக் கால்வலி எந்த அளவுக்கு இருக்கிறது என்பதைப் பார்த்து ஆகாய கங்கையை முடிவு செய்யலாம். இது உங்களுக்கும் பொருந்தும். பெரும்பாலும் இத்தகைய பயணங்களில் முதலில் மூச்சு வாங்குவது நாற்பது வயதைத் தாண்டிய பெற்றோருக்குத்தான்.

ஈரோட்டு அம்மா எழுதியது:

சகோதரருக்கு வணக்கம். என் மகளுக்கும் மலைச்சாலை ஒத்துக்கொள்ளாது என்பதால் உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. வெறும் வயிற்றோடு அழைத்துப் போவது தவறு. வயிறு நிறைந்திருப்பதும் தவறு. புறப்படும்போது ஒரு இட்லி, கொஞ்சம் சர்க்கரை. அதற்கு மேல் வேண்டாம். பால் கொடுக்காதீர்கள். புத்தகமோ கைப்பேசியோ பார்க்கவிடாமல், வண்டிக்கு முன்னால் தெரியும் சாலையைப் பார்த்தபடி வரச் செய்யுங்கள். நீங்கள் திருப்புவதற்கு முன்பே அடுத்த வளைவை அவள் கண்கள் பார்த்துவிட்டால் புரட்டல் பெருமளவு குறைகிறது. வளைவுகளின் எண்ணை உரக்கப் படிக்கச் சொன்னால் பார்வை தானாகவே வெளியில் இருக்கும். கண்ணாடியை இறக்கிவிட்டு வெளிக்காற்று படும்படி வையுங்கள். இருபது வளைவுகளுக்கு ஒருமுறை, வண்டியை நிறுத்தத் தக்க அகலமான இடமாகப் பார்த்து இறங்கி நில்லுங்கள். வாந்தித் தடுப்பு மருந்து கொடுப்பதானால் மருத்துவரிடம் அளவு கேட்டு, மலையேறுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். புரட்டல் தொடங்கிய பின் கொடுத்துப் பயனில்லை. அந்த மருந்துகள் சிலவற்றால் தூக்கம் வரும். படியில் இறங்கும் பிள்ளைக்கு அது நல்லதல்ல என்பதால், முடிந்தவரை மருந்தில்லாமல் சமாளிக்கவே நான் பார்ப்பேன்.

உடை மாற்றுவதைப் பற்றிக் கேட்கத் தயங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். தயங்க வேண்டிய கேள்வியே அல்ல. தனியாகப் பெண் பிள்ளையை அழைத்துப் போகும் ஒவ்வொரு தந்தையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டியது அது. உடை மாற்றும் அறை இருக்கிறதா, கதவுத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா, உள்ளே எவ்வளவு கூட்டம் என்பவையெல்லாம் அங்கே போனால்தான் தெரியும். அதை நம்பித் திட்டமிடாதீர்கள். விரைவில் உலரும் மெல்லிய துணியில், முழங்காலைத் தாண்டும் கால்சட்டையும் அடர்நிற மேல்சட்டையும் வீட்டிலிருந்தே போட்டு அழைத்து வாருங்கள். கழுத்தில் நாடா வைத்துச் சுருக்கித் தைத்த பெரிய கைலித் துணி ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தலைவழியாகப் போட்டால் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மறைத்துவிடும். அதற்குள்ளேயே அவள் தானாக ஈர உடையைக் கழற்றி உலர்ந்ததை அணிந்துகொள்வாள். வீட்டில் ஒருமுறை பழக்கிக் காட்டச் சொல்லி அவள் அம்மாவிடம் கேளுங்கள். ஒன்பது வயதுப் பெண் குழந்தைக்குத் தன் கூச்சத்தை மதிக்கிறார்கள் என்பது மிகவும் முக்கியம். அப்பாவிடம் சொல்ல வெட்கப்பட்டு ஈர உடையோடே ஆயிரம் படிகள் ஏறிய பிள்ளை தொடையில் தோல் உரிந்து அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

கழிவறையை மேலேயே பயன்படுத்திவிட்டு இறங்குங்கள். கீழே அந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம். பாதத்தோடு பட்டை போட்டு இறுக்கும் செருப்புதான் இந்த இடத்துக்கு ஏற்றது. காலணிக்குள் நீர் புகுந்தால் ஏறும்போது கொப்புளம் வரும். ரப்பர் செருப்பு படியில் வழுக்கும். தின்பண்டத்தைப் பாலித்தீன் பையில் கையில் பிடித்துக்கொண்டு நடக்கக் கூடாது. குரங்குகள் பையைத்தான் குறிவைக்கும், அதைப் பிடித்திருக்கும் குழந்தையின் கையில் நகம் பட்டுவிடும். எல்லாவற்றையும் முதுகுப்பையில் வைத்து மூடிவிடுங்கள். பையை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள்; தன் தண்ணீர் பாட்டிலை மட்டும் அவளே சுமக்கட்டும்.

மலைநாடன் எழுதியது:

மற்றவர்கள் ஊக்கம் கொடுத்து எழுதியிருப்பதை மதிக்கிறேன். ஆயினும் ஒன்பது வயதுக் குழந்தையின் முதல் மலை நடைக்கு ஆகாய கங்கை ஏற்றதல்ல என்பது என் கருத்து. மாசிலா அருவியிலும் நம் அருவியிலும் நடை மிகக் குறைவு. நீர் பெரிய உயரத்திலிருந்து விழாது. குழந்தை அச்சமின்றி நின்று நனையலாம். முதல் பயணம் இனிமையாக முடிந்தால் அடுத்த ஆண்டு அவளே பெரிய அருவிக்குக் கூப்பிடுவாள். முதல் பயணமே அழுகையில் முடிந்தால் மலை என்றாலே விலகிப் போவாள். பிள்ளையின் ஆசை என்று நாம் நினைப்பதில் நம்முடைய ஆசையும் கலந்திருக்கிறதா என்பதைப் பெற்றோர் ஒருமுறை தங்களையே கேட்டுக்கொள்வது நல்லது.

செம்மேட்டுக்காரர் எழுதியது:

மலைநாடன் ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஐந்து, ஆறு வயதுக் குழந்தையென்றால் நானும் மாசிலாவையே சொல்லியிருப்பேன். ஆனால் இந்தப் பிள்ளை அருவியில் குளிக்கக் கேட்கவில்லை. அருவி விழும் இடத்துக்கு நடந்து போக வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். மாசிலாவுக்கு அழைத்துப் போனால் வண்டியிலிருந்து இறங்கிச் சிறிது நேரத்திலேயே நீருக்கு முன்னால் நிற்பாள்; அவள் கேட்டது அதுவன்று. ஆகாய கங்கையில் பாதிப் படிகள் இறங்கும்போது மரங்களுக்கு இடையில் ஓசை மட்டும் கேட்கும். பிறகு காற்றில் ஈரம் வரும். கடைசியில் பாறைகளைத் தாண்டி நிமிர்ந்தால்தான் முழு உயரமும் தெரியும். நெடுந்தொலைவில் நிற்பவர்களையும் சாரல் நனைத்துவிடும். நடந்து வந்தவருக்கு மட்டுமே கிடைக்கும் காட்சி அது. திருச்செங்கோட்டில் ஏறிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது என்ற யோசனை நம் இருவரின் கருத்துக்கும் நடுவில் நல்ல வழியாகத் தெரிகிறது. அங்கே அவள் திணறினால் மாசிலா. இல்லையென்றால் ஆகாய கங்கை.

இன்னொரு எச்சரிக்கை. திருச்சி மாவட்டத்தில் துறையூர்ப் பக்கம் அடிவாரத்தில் இருக்கும் புளியஞ்சோலையிலிருந்து காட்டு வழியாக ஆகாய கங்கைக்கு ஏறலாம் என்று சிலர் சொல்வார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறியவர்கள் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் காட்டுவழி நடைக்கு விதிகள் கடுமையாகிவிட்டன. வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் அந்த வழியில், அதுவும் குழந்தையோடு, கால் வைக்கக் கூடாது.

ஓய்வுபெற்ற மீட்புப் பணியாளர் எழுதியது:

தீயணைப்பு, மீட்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். படிகளைப் பற்றி எல்லோரும் விரிவாக எழுதிவிட்டதால் நீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். குழந்தையோடு செல்பவர்கள் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பெருக்கெடுத்த வெள்ளத்தில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். குளித்துக்கொண்டிருந்தவர்கள் கண்முன்னே சில நொடிகளில் நீர் பெருகியது. அருவிக்கு வரும் நீர் நாம் நிற்கும் இடத்தில் பெய்த மழையால் வருவதன்று. மேலே, நம் கண்ணுக்கு எட்டாத தொலைவில் பெய்யும் மழை ஓடைகளில் சேர்ந்து வருவது. ஆகாய கங்கையில் இது இன்னும் கூர்மையான சிக்கல். நாலாபுறமும் மலைச்சுவர் சூழ்ந்த பள்ளத்தில் நிற்பவருக்குத் தலைக்கு மேல் ஒரு துண்டு வானம்தான் தெரியும். அது நீலமாக இருக்கும்போதே கொல்லிமலையின் மேற்பரப்பில் பெய்த மழை அய்யாற்றில் இறங்கிக்கொண்டிருக்கலாம்.

நீர் சில அறிகுறிகளைக் காட்டும். தெளிந்திருந்த நீர் கலங்கி மண்ணிறமாவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, அருவியின் ஓசை கனத்துப்போவது, சற்று முன் நின்றிருந்த பாறையின் விளிம்பை நீர் தொடுவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் போதும், அப்போதே வெளியேறிவிட வேண்டும். செருப்பு, துண்டு, பை எதையும் தேடக் கூடாது. ஓடையின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடாமல், படிகள் இருக்கும் பக்கமாக மேட்டுக்கு ஏற வேண்டும். இதற்காகவே அருவியடிக்குப் போனவுடன் முதல் வேலையாக, உங்களுக்கும் படிக்கும் இடையில் ஓடை குறுக்கிடாத பக்கத்தில் இடம் பிடித்து, வெளியேறும் வழியை மகளுக்குக் கையால் காட்டி, அவள் வாயால் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள்.

நீர் நேராக விழும் இடத்துக்கு அடியில் அவளை நிறுத்தாதீர்கள். 300 அடியிலிருந்து விழும் நீரோடு கைப்பிடி அளவுக் கல் வந்தாலும் அது உயிருக்கு ஆபத்து. சாரல் விழும் தொலைவிலேயே முழுவதும் நனைந்துவிடலாம். தேங்கிய நீரின் ஆழத்தை மேலிருந்து பார்த்துக் கணிக்க முடியாது. நுரை கலந்த நீரில் நீந்தத் தெரிந்தவருக்கும் மிதப்பது கடினம். உங்கள் கை எட்டும் தொலைவுக்கு மேல் அவள் போகவே கூடாது. ஈரக் கை வழுக்கிவிடும் என்பதால் விரல்களைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள். பாசி படிந்த பாறையில் நின்று படம் எடுக்க வேண்டாம். நீங்கள் இருவர் மட்டும் செல்லும் பயணத்தில் பார்த்துக்கொள்ள மூன்றாம் ஆள் இல்லை என்பதை மறக்காதீர்கள். அவள் நீரில் இருக்கும் நேரம் முழுவதும் உங்கள் கைப்பேசி பைக்குள் இருக்க வேண்டும். நீங்கள் கால் மடங்கி விழுந்தாலும் அவள் என்ன செய்ய வேண்டும், யாரிடம் உதவி கேட்க வேண்டும் என்பதையும், அம்மாவின் கைப்பேசி எண்ணையும் அவள் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

குளிக்கத் தடை என்று வனத்துறையினர் சொன்னால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். அப்படி நேரலாம் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே மகளிடம் சொல்லி வையுங்கள். அங்கே போய்த் தடை என்று கேட்டு அழும் பிள்ளைக்காக மனம் இளகித் தடுப்பைத் தாண்டிய பெற்றோரை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன்.

சேலத்துத் தந்தை எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மலைநாடன் ஐயா கேட்ட கேள்வியை மகளிடமே வைத்தேன். மாசிலா, ஆகாய கங்கை இரண்டையும் விளக்கிச் சொன்னபோது, படிகள் நிறைய இருப்பதையே வேண்டும் என்றாள். அடுத்த ஞாயிறு திருச்செங்கோட்டுக்குப் போகிறோம். அங்கே எளிதாக ஏறிவிட்டால் ஆகாய கங்கை மட்டும். மற்ற அருவிகளை விட்டுவிடுகிறோம். கழுத்து நாடா வைத்த கைலித் துணியை அவள் அம்மா தைத்துவிட்டாள்.

இரண்டு மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எப்போது வருவது பாதுகாப்பு? பிற்பகல் ஒன்றரை, இரண்டு மணிக்கு மேலே ஏறி வந்துவிட்டால் மீதி நேரத்தில் என்ன செய்வது பொருத்தம்?

செம்மேட்டுக்காரர் எழுதியது:

அக்டோபர், நவம்பரில் நீர் மிகுதி, தடையும் அடிக்கடி வரும். டிசம்பர் பிற்பகுதியிலும் ஜனவரியிலும் மழை ஓய்ந்து, நீர்வரத்து நன்றாக இருந்துகொண்டே பெருக்கு தணிந்திருக்கும். பொங்கல் விடுமுறை நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த மாதங்களில் காலைக் குளிர் கடுமையாக இருக்கும் என்பதால் கம்பளிச் சட்டை ஒன்று வண்டியில் இருக்கட்டும். புறப்படுவதற்கு முந்தைய இரண்டு நாட்களில் மலையில் மழை பெய்திருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். முந்தைய மாலையே செம்மேட்டில் தெரிந்தவர்கள் யாரையேனும் கேட்டு, அருவி திறந்திருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மேலே வந்ததும் கோயிலுக்கு அருகிலுள்ள கடைகளில் முடவாட்டுக்கால் சூப் கிடைத்தால் இருவரும் குடியுங்கள். பாறைகளிலும் மரங்களிலும் படரும் பெரணி வகை ஒன்றின் கிழங்கை மிளகு சேர்த்துக் கொதிக்க வைப்பது. ஈரத்தில் விறைத்த உடம்புக்கு இதமாக இருக்கும். சாப்பிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, திரும்பும் வழியில் சோளக்காட்டுச் சந்தையில் வண்டியை நிறுத்துங்கள். அன்னாசி, மலைவாழை, மிளகு எல்லாம் விளைவித்தவர்களிடமே வாங்கலாம். மிளகுக் கொடி மரத்தில் ஏறியிருப்பதை மகள் அருகில் பார்க்கலாம். நான்கு மணிக்கு இறக்கத்தில் இருந்தால் வெளிச்சத்திலேயே எழுபது வளைவுகளையும் கடந்துவிடலாம். இறங்கும்போதும் இரண்டாவது கியர்தான். பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்புக் குறையும். நடுவில் ஓரிடத்தில் நிறுத்திச் சக்கரங்களை ஆறவிடுங்கள். மகள் தூங்கிவிட்டால் முன்னிருக்கையிலிருந்து பின்னிருக்கைக்கு மாற்றி, இடுப்புப் பட்டையைப் போட்டுவிட்ட பிறகு வண்டியை எடுங்கள்.